மஞ்சள் பொட்டுப் பனிமணி

பாடன்
12 ஜனவரி 2025

சிவமலருக்கு,

நலமாக இருப்பீர் என்றே வைத்துக்கொள்கிறேன். நலமில்லை என்றாலும் எனக்குச் சொல்லப்போவதில்லை. உம்முடைய நொஷாட்டல் விலாசத்தைச் செல்வராணி மச்சாள் தந்தா. தொலைபேசி இலக்கமும் தந்தா. ஆனால் தொலைபேசியில் நாங்கள் இரண்டு பேரும் எப்படிக் கதைப்போம் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும். அதனால் தாளில் எழுதுகிறேன். பதினாறு வருடத்துக்கும் மேலாகப் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கும் என்று விளங்கியிருப்பீர்.

மதுஜாவின் கல்லறையை எடுக்கப்போகிறார்கள். இந்தச் சுவிஸ் நாட்டில் மண்ணுக்கும் தவணை உண்டு என்பது உமக்குத் தெரியும். இருபது வருடம் முடிந்தால் கல்லைத் தூக்கி, மேலே நிற்கிற செடியை வழித்து, புல் விதைத்துவிடுவார்கள். சிறுபிள்ளைகளின் வரிசை முழுவதும் ஏப்ரல் முதல் கிழமையில் போகிறது. கெமைண்டே நகரசபையில் இருந்து அறிவித்தல் வந்ததும் நேரில் போய்க் கேட்டேன். அந்த வரிசைக்குத் தவணை நீட்ட முடியாது என்று அலுவலகத்துப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லை நான் எடுத்து வைத்துக்கொள்வேன். என் கவலை பூக்களைப் பற்றியது. மதுஜா எங்களை விட்டுப் போன அந்த வருடமே, நான் வேலை செய்கிற பூந்தோட்டத்து முதலாளி கொஞ்சம் பனிமணிக் கிழங்கு தந்தார். இங்கே ஷ்னேகுளொக்லி என்பார்களே, வெள்ளையாகத் தலைகுனிந்து தொங்கும், அது. "பெப்ரவரிப் பனியிலை பூக்கிறது இதுதான், பிள்ளைக்கு வை" என்றார். இன்றைக்கு அந்த இடம் முழுவதும் அதுதான் நிற்கிறது.

அதற்குள் ஒன்று வேறு மாதிரி வந்திருக்கிறது. பனிமணியின் உள்ளிதழில் ஒரு பச்சைப் பொட்டு இருக்கும். இதழுக்கு மேலே காம்பில் உருண்டையாக இருக்கிற சூலும் பச்சைதான். இந்த ஒன்றில் பொட்டும் மஞ்சள், சூலும் மஞ்சள். நாலு பனிக்காலத்துக்கு முன்னர்தான் முதல் பூவைக் கண்டேன். இப்போது ஒரு சிறு கொத்தாகிவிட்டது. யாரும் வைக்கவில்லை, சிவமலர். விதை விழுந்து, அந்த மண்ணில் இருந்து தானாக வந்தது. அந்த மண்ணில் யார் இருக்கிறா என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்ட அன்று நான் அழுதேன். அதை வேறு யாருக்கும் சொல்லவில்லை.

பனிமணி சேர்க்கிறவர்கள் என்று இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. குளிரில் முழங்காலில் இருந்து பூதக்கண்ணாடி வைத்து இதழைப் பார்ப்பார்கள். பைத்தியங்கள் என்பீர். நானும் அதில் ஒரு பைத்தியம். அவர்களில் ஃப்ராவ் ஷ்டெட்லர் என்ற அம்மா பெப்ரவரி பதினாறாம் தேதி வந்து பார்க்கப்போகிறா. புது இனம் என்று அவ சொன்னால் பெயர் வைத்துப் பதியலாம். 'மதுஜா' என்று வைக்க விரும்புகிறேன். கல்லும் இடமும் போன பிறகு அந்தப் பெயர் ஒரு பூவிலாவது நிற்கட்டும். தாயின் சம்மதமும் வேண்டும் என்று அந்த அம்மா சொன்னா. எனக்கும் அது சரியாகப்பட்டது.

ஓம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தயாபரன்


நொஷாட்டல்
23 ஜனவரி 2025

மதுஜாவின் அப்பாவுக்கு,

வேறு எப்படி விளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லைப் பற்றி எழுதினீர்கள். செடியைப் பற்றி எழுதினீர்கள். புல்லைப் பற்றியும் எழுதினீர்கள். உள்ளே இருக்கிற பிள்ளையை என்ன செய்வார்கள் என்று ஒரு சொல் எழுதவில்லை. எலும்பைக் கிண்டி எடுப்பார்களா? எடுத்தால் எங்கே போடுவார்கள்? இதைத்தான் ஒரு தாய் முதலில் கேட்பாள் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

தோன்றியிருக்காது. அன்றைக்கும் தோன்றவில்லை. நாலு வயதுப் பிள்ளை இதய ஒப்பரேஷன் முடிந்து கண் திறக்காமலே போனாள். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் என்று உங்கள் அண்ணை சொன்னார். சரி, மண்ணாவது ஒரு பிடி போடலாம் என்று நானும் செருப்பைப் போட்டேன். வாசலில் அவர் கையை நீட்டி மறித்தார். "பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை" என்றார். இங்கே எல்லாப் பெண்களும் போகிறார்களே, எங்கள் ஆட்களும் போகிறார்களே என்றேன். "நாங்கள் என்ன சுவிஸ்காரரோ?" என்று கேட்டார். நீங்கள் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். கட்டிய கயிற்றையே திரும்பவும் அவிழ்த்துக் கட்டினீர்கள்.

கார் போனதும் பெண்கள் என் கையில் வாளியைத் தந்தார்கள். பிணம் போன வீட்டைக் கழுவவேண்டும் அல்லவா? அவள் நிலத்தில் கலர்ச் சுண்ணாம்பால் கீறிவைத்த பூனையை நான்தான் கழுவினேன். நீங்கள் வந்து தலைமுழுகிவிட்டுச் சாப்பிட்டீர்கள். பரிமாறியதும் நான்தான். அதற்குப் பிறகும் மூன்று வருடம் உங்களோடு இருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பெயருக்குச் சம்மதம் இல்லை. அன்றைக்குக் கேட்காததை இன்றைக்கு ஒரு பூவுக்காகக் கேட்கிறீர்கள். அண்ணை இருந்திருந்தால் அவரிடம் கேட்டே முடித்திருப்பீர்கள். அவர் போய்ச் சேர்ந்தபடியால் என் ஞாபகம் வந்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். அந்த இடத்தில் நீங்கள் வைத்த பூவைத் தவிர இத்தனை வருடத்தில் வேறு எதுவும் முளைக்கவே இல்லையா? சும்மாதான் கேட்கிறேன்.

சிவமலர்


பாடன்
2 பெப்ரவரி 2025

சிவமலருக்கு,

எலும்பைத் தொடமாட்டார்கள். அது ஆழத்தில் அப்படியே இருக்கும். மேலே ஒரு சாண் மண்ணை மட்டும் கிளறிப் புல் போடுவார்கள். பின்னொரு காலத்தில் அதே இடத்தில் வேறு யாரையும் புதைக்கலாம். அதையும் உமக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. எழுத வரவில்லை.

அன்றைய கதையை நீர் தொடங்கினால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மறித்தது அண்ணை. அதற்குப் பிறகு யார் மறித்தார்? மயானத்தின் வாசல் பூட்டிக் கிடக்கவில்லை. ரயில் ஓடாமல் நிற்கவில்லை. வருடா வருடம் திதிக்குத் திரிம்பாக் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேரே பிள்ளையிடம் போவேன். ஒரு திதிக்கும் உம்மை அங்கே கண்டதில்லை. மற்ற ஞாயிறுகளிலும் கண்டதில்லை. அண்ணையைத் திட்டுவது சுலபம், அவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார். பெற்ற தாய் இருபது வருடத்தில் ஒரு தரம் போய்ப் பார்த்தாளா என்று சனம் கேட்டபோது நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்? உமக்கு உடம்புக்கு ஏலாது என்று பொய் சொன்னேன்.

போகட்டும். நீர் பூவைப் பற்றிக் கேட்டது எனக்குச் சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன். இந்த விஷயத்தை என்னிடம் யாரும் கேட்பதில்லை.

முளைக்காமல் என்ன, ஒவ்வொரு வருடமும் முளைத்தது. ஆனால் ஒரு இடத்தில் ஒரு இனம்தான் நிற்கவேண்டும். இது முதலாளி எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். கலந்து நின்றால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து விதை வைக்கும், பிறகு எது எது என்று கடவுளுக்கும் தெரியாது. ஆகவே தை மாதத்தில் இலை நுனி தெரிந்தவுடன் போய்ப் பார்ப்பேன். பூக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இலையிலேயே பிடித்துவிடலாம். நான் வைத்த நாட்டுப் பனிமணிக்கு இரண்டு ஒடுங்கிய இலை, கும்பிட்ட கை மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வேறு ஒன்று உண்டு, எண்ணெய் பூசியது போலப் பச்சைப் பசேல் என்று அகல இலை. இன்னொன்று சாம்பல் நிறம், ஒரு இலை மற்றதைத் துணியில் சுற்றிய பிள்ளை போலச் சுற்றிக்கொண்டு வரும். கரை மடிந்த இலை கொண்டதும் ஒன்று உண்டு. பிறகு மார்ச்சென்பெக்கர். அது பனிமணியே அல்ல, பனிமணி மாதிரி நடிக்கும். ஆறு இதழும் ஒரே அளவாக இருக்கும்.

இவை எல்லாமே ஒவ்வொரு வருடம் வந்து பார்த்தன. பக்கத்துக் கல்லறைகளுக்குச் சனம் கண்டதையும் கொண்டுவந்து வைக்கும். எறும்பு அதன் விதையை இழுத்துக்கொண்டு வந்துவிடும். நான் ஒன்றையும் விட்டதில்லை. கத்தியை ஆழமாக விட்டு, கிழங்கோடு கிளப்பி, மூலையில் இருக்கிற குப்பைப் பெட்டியில் போட்டுவிடுவேன். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று முதலாளியே மெச்சுவார். இப்போது ஐந்தாறு வருடமாக ஒன்றும் வருவதில்லை. மண் சுத்தமாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், அந்த மஞ்சள் பூ வெளியில் இருந்து வந்ததாக இருக்க முடியாது. அது என் பனிமணியின் பிள்ளை. மதுஜா அனுப்பியது என்று நான் நம்புகிறேன். நீர் நம்பாவிட்டாலும் பெயரை மறுக்காதையும். ஃப்ராவ் ஷ்டெட்லர் வருவதற்குள் ஒரு பதில் போடும்.

தயாபரன்


நொஷாட்டல்
9 பெப்ரவரி 2025

மதுஜாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போன் எடுத்து, எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

நான் வந்தேன். உங்களை விட்டு வந்த அந்த வருடமே வந்தேன். அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல், ஒவ்வொரு வருடமும் வந்தேன். ஐப்பசியில் அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு தரம், பெப்ரவரியில் அவள் போன தேதிக்கு ஒரு தரம். நீங்கள் திதி பார்த்துப் போவீர்கள், நான் கலண்டர் தேதி பார்த்து வந்தேன். இரண்டும் ஒரே நாளில் விழுவது அபூர்வம். விழுந்தால் நான் பின்போட்டேன். நீங்கள் வேலையில் நிற்கிற கிழமை நாளாகப் பார்த்து, சனி ஞாயிறுகளில் மற்றவர்களுக்குப் பதிலாக நின்று லீவு எடுத்து, ஓல்டனில் ரயில் மாறி வந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் அண்ணைக்குப் போகும். பொம்பிளை கால் வைத்த தோஷத்துக்குச் சாந்தி செய்யவேண்டும் என்று ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார் என்று பயந்தேன்.

ஐப்பசியில் வரும்போது கிழங்கு கொண்டுவருவேன். கடையில் பைகளில் தொங்குமே, அதுதான். உங்கள் செடி நிற்கிற இடைவெளிகளில் விரலால் குத்தி வைத்து, மண்ணை மூடி, கையால் தடவிவிடுவேன். வைத்தது தெரியக்கூடாது, பூத்தது மட்டும் தெரியவேண்டும் என்று நினைத்தேன். பெப்ரவரியில் வந்து பார்த்தால் உங்களுடையது மட்டும் நிற்கும். என்னுடையது ஒன்றும் இருக்காது.

முதலில் கிழங்கு பழுது என்று நினைத்தேன். அடுத்த வருடம் வேறு கடை, வேறு பை. படத்தில் பளபளவென்று பச்சை இலை. வரவில்லை. பிறகு சாம்பல் இலை. வரவில்லை. மார்ச்சென்பெக்கர் சேற்றிலும் வரும், யார் வைத்தாலும் வரும் என்று கடைப்பெண் சொன்னாள். அதுவும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது என்று நினைத்தேன். பிள்ளை என்னுடையதை வேண்டாம் என்கிறாள். கொண்டுபோகிற அன்றைக்கு வராத தாய் இப்போது என்ன கிழங்கு கொண்டுவருகிறாள் என்று உள்ளே இருந்து தள்ளிவிடுகிறாள். உங்களுக்கு மட்டும் முகம் தருகிறாள், எனக்குத் தரவில்லை. சிரிக்கவேண்டாம். மஞ்சள் பூவை அவள் அனுப்பினாள் என்று நீங்கள் நம்பலாம் என்றால் நானும் இதை நம்பலாம்.

அதை நம்பிக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன். செல்வராணிக்குப் பேத்தி பிறந்தபோது தூக்கச் சொல்லித் தந்தா. என் கை ராசியில்லாத கை, வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இன்னும் நான் அதைத் தொட்டதில்லை. டொக்டர் தந்த குளிசையை இன்றைக்கும் போடுகிறேன். எதற்குப் போடுகிறேன் என்று அவருக்கும் சொல்லவில்லை.

கடைசியாக இங்கே சந்தையில் ஒரு கிழவி, கிழங்கு காய்ந்தால் செத்துவிடும், இலை பச்சையாக இருக்கும்போதே மண்ணோடு வைக்கவேண்டும் என்று சொல்லி ஒரு சட்டி தந்தாள். அதில் ஒரு பூ வாடிக்கொண்டு நின்றது. பொட்டும் மஞ்சள், சூலும் மஞ்சள். இலை உங்களுடையதைப் போலவே ஒடுக்கம். வழக்கமில்லாமல் ஏப்ரலில் வந்து உங்கள் கொத்துக்கு நடுவில் வைத்தேன். இதுவும் வராவிட்டால் தாங்கமாட்டேன் என்று அதற்குப் பிறகு வந்து பார்க்கவே இல்லை. நீங்கள் சொல்கிற அந்த ஐந்தாறு வருடம் அதுதான். மண் சுத்தமானது அதனால்தான்.

அது புது இனம் இல்லை. சட்டியில் யாரோ இங்கிலாந்துக்காரரின் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. ஃப்ராவ் ஷ்டெட்லர் வந்து பார்த்துச் சிரிப்பதற்கு முன்னர் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவள் என்னைத் தள்ளவில்லை. தள்ளியது நீங்கள். ஒவ்வொரு தையிலும், இலையைப் பார்த்து, இனத்தைப் பார்த்து, கிழங்கோடு. அன்றைக்கு வாசலில் மறித்தது அண்ணை என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு யார் மறித்தார் என்று என்னைக் கேட்டீர்கள். இப்போது நீங்களே சொல்லுங்கள்.

சிவமலர்


பாடன்
20 பெப்ரவரி 2025

சிவமலருக்கு,

நீர் எழுதியது பொய் என்று முதலில் முடிவு செய்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. பெயரைத் தடுப்பதற்காக ஒரு கதை கட்டுகிறீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃப்ராவ் ஷ்டெட்லருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறாம் தேதி அவ வந்தா. நனைந்த நிலத்தில் ஒரு பையை விரித்து முழங்காலில் இருந்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தா. அதிக நேரம் எடுக்கவில்லை. இது பழைய இனம், நன்றாக வளர்ந்திருக்கிறது, யார் நட்டது என்று கேட்டா. விதையில் தானாக வந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். வரலாம், ஆனால் வந்த செடி இப்படி அச்சுப் பிசகாமல் பழைய இனம் மாதிரியே இருக்காது என்றா. மஞ்சள் சூல் பனிமணி லேசில் வேர் பிடிக்காது, தன்னுடைய தோட்டத்திலேயே இரண்டு தரம் செத்துப்போனது, நட்டவருக்கு நல்ல கை என்றும் சொன்னா. பிள்ளையின் தாய்தான் நட்டது என்றேன். அந்தச் சொல்லை வாயால் சொன்ன பிறகுதான் எனக்கு அது உண்மையானது.

அவ போன பிறகு நான் அங்கேயே நின்றேன். எதை எதைப் பிடுங்கினேன் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரு வருடம் வேலை நெருக்கடியில் தையில் போக முடியாமல் பிந்திப் போனேன். அதற்குள் ஒரு மார்ச்சென்பெக்கர் மொட்டு வைத்திருந்தது. அழகாக இருக்கிறதே, விடலாமா என்று கை ஒரு கணம் நின்றது. பிறகு பிடுங்கினேன். நீர் அதற்கு அடுத்த கிழமை வந்திருப்பீர்.

நீர் அங்கே வந்தீர் என்று தெரிந்திருந்தால் என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அண்ணை அப்போது உயிரோடு இருந்தார். மன்னிப்புக் கேட்டால் தாளைக் கிழித்துப்போடுவீர். ஆகவே அதையும் எழுதவில்லை.

ஆனால் இது அவசரம். பூ முடிந்து இலை பச்சையாக நிற்கும்போதே எடுக்கவேண்டும், சந்தைக் கிழவி உமக்குச் சொன்னது சரி. மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை. அதற்குப் பிறகு வேலி போட்டுவிடுவார்கள். முள்ளுமண்வாரியும் பெட்டியும் நான் கொண்டுவருகிறேன். நீரும் வாரும். இரண்டு பேரும் சேர்ந்து எடுப்போம். உம்முடையதை நான் பிரித்துத் தருகிறேன், நாலு வருடம் பார்த்ததில் அதன் இலையும் எனக்கு இப்போது தெரியும்.

தயாபரன்


நொஷாட்டல்
3 மார்ச் 2025

மதுஜாவின் அப்பாவுக்கு,

வருவேன். ஆனால் நீங்கள் உள்ளே வரக்கூடாது.

மண்வாரியையும் பெட்டியையும் வாசலில் வைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். நான் தனியாகப் போவேன், தனியாக எடுப்பேன். எனக்கு எதையும் பிரித்துத் தரவேண்டாம். நீங்கள் பிரித்தது போதும். உங்கள் அண்ணை இருந்தால் அவரையும் பக்கத்தில் நிறுத்தியிருப்பேன். அவர் முந்திக்கொண்டார்.

உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம். நான் அன்றைக்குக் குசினி யன்னலால் ஒரு காரின் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். உங்களுக்கு மதில் தெரியும். அது போதும். நான் போன பிறகு நீங்கள் வீட்டுக்குப் போய் நிலத்தைக் கழுவுங்கள்.

பழிக்குப் பழி வாங்குகிறாள் என்று நினைப்பீர்கள். ஓம், பழிதான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறேன் என்றும் நினைக்கலாம். புண் இரண்டு பேருக்கும் இருக்கிறது என்று இப்போதுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது எப்போதும் தெரியும்.

சம்மதம் என்றால் பதில் எழுதவேண்டாம்.

சிவமலர்


நொஷாட்டல்
25 மார்ச் 2025

மதுஜாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். உடனே திறவுங்கள். ஈரக் கடதாசியில் சுற்றியிருக்கிறேன்.

நீங்கள் குடை இல்லாமல் மழையில் நின்றதைக் கண்டேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. அதற்குப் பிறகு உங்கள் பக்கம் பார்க்கவில்லை. நீங்களும் வாக்கு மாறி உள்ளே வரவில்லை. முதல் தரமாக ஒரு சொல்லைக் காப்பாற்றினீர்கள்.

என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னுடைய மஞ்சள் கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்களுடையதை அப்படியே விட்டுவிட நினைத்து வந்தேன். மெஷின் வந்து வழித்துக்கொண்டு போகட்டும், அது எப்படி இருக்கும் என்று இவருக்கும் தெரியட்டும் என்று ரயிலில் வரும்போது முழுக்க நினைத்தேன். அது எனக்கு நல்ல ஆறுதலாகவே இருந்தது.

அங்கே போனால் ஒரு பூ இல்லை. எல்லாம் உதிர்ந்து வெறும் இலை. எல்லாம் ஒடுக்கம், மழையில் எல்லாம் ஒரே நிறம். சூல்கள் வீங்கி மண்ணில் சாய்ந்து சேறு பூசிக் கிடந்தன. நான் வைத்த இடம் என்று நினைத்த இடத்தில் கிளப்பினேன். கிழங்குகள் ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு, வேர்கள் பின்னிக் கிடந்தன. ஒரு கொத்தைப் பிரிக்கப் பார்த்தேன். வேர் அறுந்தது. கையை எடுத்துவிட்டேன். மழைக்குள் முழங்காலில் இருந்து ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்தேன். நீங்கள் எத்தனை ஞாயிறு இப்படி இருந்து இலை பார்த்திருப்பீர்கள் என்று அப்போது நினைத்தேன். எனக்கு உங்கள்மேல் இரக்கம் வந்தது. அது வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் எடுத்தேன். எடுத்த குழியை மண்வாரியால் மூடவில்லை, கையால் மூடினேன். அன்றைக்கு ஒரு பிடி மண் போட விடவில்லை. இன்றைக்கு எனக்கு வேண்டிய மட்டும் போட்டேன். அவளோடு கொஞ்சம் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து சரி பாதியாகப் பிரித்தேன். எது எதற்குள் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. உங்கள் பாதியில் என்னுடையது இருக்கலாம், என் பாதியில் உங்களுடையது இருக்கலாம். ஒரே இடத்தில் நடுங்கள். பூத்த பிறகு எதையும் பிடுங்கவேண்டாம். வெளியில் இருந்து ஏதாவது வந்து முளைத்தாலும் பிடுங்கவேண்டாம். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். மன்னிக்கவில்லை. இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

சிவமலர்


பாடன்
8 பெப்ரவரி 2026

சிவமலருக்கு,

எழுதவேண்டாம் என்றீர். இது ஒன்றுதான், இனி எழுதமாட்டேன்.

மயானத்தில் புல் நன்றாக வந்துவிட்டது. திதிக்குப் போய் நின்றேன். எந்த இடம் என்று பிடிக்க முடியவில்லை. மதில் மூலையில் இருந்து அடி வைத்துப் பார்த்தேன், மரங்களை அடையாளம் வைத்துப் பார்த்தேன். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு விளக்கை வைத்துவிட்டு வந்தேன். நீர் இனி வந்தால் தேடி அலையவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீர் அனுப்பிய பாதியை வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்தேன். சிலது செத்துவிட்டது. மிச்சம் பனியை முட்டிக்கொண்டு வந்து இந்தக் கிழமை பூத்திருக்கிறது. ஃப்ராவ் ஷ்டெட்லர் வந்து பார்த்தா. இப்படிக் கலந்து விட்டால் இரண்டு வருடத்தில் குழம்பிவிடும், இப்போதே பிரித்துப் பெயர்ச் சீட்டுக் குத்தி வை என்றா. குத்தவில்லை. பெயர் ஒன்றும் பதியவும் இல்லை.

தை பிறந்ததில் இருந்து காலையில் அங்கே போய் நிற்கிறேன். பழக்கதோஷம், கை தானாக மண்ணுக்குப் போகிறது. அதனால் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இலை வந்த அன்றைக்கே, எது உம்முடையது, எது என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லமாட்டேன்.

தயாபரன்